சென்டரா, கையா

கரண்ட் வந்துவிட்டது. அதுதான் தொல்லை. காலையிலிருந்து பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள், அந்தத் தைரியத்தில் நாச்சிமுத்து தன் கடைசல் பட்டறையில் நிம்மதியாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். உளிகளைத் துடைத்தார், துடைத்த உளிகளையே இன்னொரு தரம் துடைத்தார், மரச் சீவல்களைக் கூட்டிக் கோணிப்பையில் அடைத்தார், மெஷினுக்கு அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பைக் கண்டெடுத்து அது தெய்வானையுடையதா சுகந்தியுடையதா, பெண்டாட்டி காலா மகள் காலா என்று வெகுநேரம் யோசித்தார். இப்போது தலைக்கு மேல் டியூப்லைட் சிமிட்டிச் சிமிட்டி எரிந்துவிட்டது, இனிமேல் சாக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மடியில் புது சென்டர். டப்பாவைத் திறந்தாயிற்று, எண்ணெய்த்தாளைத்தான் இன்னும் பிரிக்கவில்லை. கடைசல் மெஷினில் கட்டைக்கு இரண்டு பக்கமும் பிடி வேண்டும். இடப்பக்கம் மோட்டார் பிடித்துச் சுற்றும், வலப்பக்கம் ஒரு கூர்முனை கட்டையின் நடுமையத்தில் குத்திக்கொண்டு அதுவும் கூடவே சுற்றும். அந்த முனைதான் சென்டர், அதன் வயிற்றுக்குள் பேரிங். பேரிங் தேய்ந்தால் முனை ஆடும், முனை ஆடினால் கட்டை ஆடும், கட்டை ஆடினால் உளி எகிறி மரத்தில் வரிவரியாக விழும். கை நடுங்கினாலும் அதே மாதிரிதான் உளி எகிறும், அதே மாதிரிதான் வரி விழும். கட்டில்கடை செல்லமுத்து போன வாரம் கட்டில் கால்களை வாங்கிப்போக வந்தவன், ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்ணா இருக்குது. தொட்டாத்தான் கொஞ்சம் சொரசொரங்குது. பாலீஷ் போட்டா மறைஞ்சிரும், உடுங்க" என்றான். உடுங்க என்றானே, அந்த ஒரு சொல். திட்டியிருந்தால்கூட நாச்சிமுத்து பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார், அத்தோடு போயிருக்கும். உடுங்க என்பது வயசான ஆளைப் பார்த்துச் சொல்கிற சொல்.

அதை நேற்று போனில் தெய்வானையிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், என்ன கொழம்பு, ரசம், நேத்தும் ரசந்தானுங்களே, நேத்து வெச்சதுதான் என்பதற்குப் பிறகு பேச எதுவும் இல்லாமல் வாயில் வந்துவிட்டது. அவளுக்கு அது போதும். "அந்தப் புது சென்டர வாங்கி எத்தன நாளா டப்பாவுல வெச்சுப் பூச பண்றீங்க? நாளைக்கு அதப் போட்டுப் பாருங்க. சென்டரா கையான்னு தெரிஞ்சு போகுமல்லொ. கைன்னா பேசாம பட்டறையப் பூட்டீட்டுக் கெளம்பி இங்க வந்துருங்க." சென்டர்னா, என்று இவர் கேட்டார். "சென்டர்னா அங்கயே இருந்து உங்க கட்டில்காலக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்குங்க." சிரித்தாளா, சிரிக்கவில்லையா, மகள் வீடு இருக்கிற ஓசூருக்கும் இந்த உடுமலைக்கும் நடுவில் அது எங்கோ காற்றில் போய்விட்டது. ஆக, விஷயம் அவ்வளவுதான். கை போயிருந்தால் போகலாம். கை நன்றாக இருந்தால் இங்கேயே கிடக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது தெய்வானை இல்லை, இவரேதான். மகளுக்குக் குழந்தை பிறந்து, மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெய்வானையையும் சேர்த்துக் கூட்டிப்போக வந்த அன்று, நீங்களும் வாங்க மாமா, தனியா என்ன பண்ணுவீங்க என்று அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இவர் வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்கிற மாதிரி, "எங்கை ஓடற மட்டும் எங்காலு இந்தப் பட்டறையத் தாண்டாது மாப்ள. மருமவன் ஊட்டுல குந்திக்கிட்டுச் சோறு திங்கற பொழப்பு நமக்கு வேண்டாம்" என்றார். யார் கேட்டார்கள் அதை? மாப்பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று. தெய்வானை கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் ஒரு தடவைகூட வாங்க என்று கூப்பிடவில்லை, நேற்றுவரை. குழந்தை குப்புற விழும்வரை என்று போனவள், உட்காரும்வரை என்றாள், தவழும்வரை என்றாள், இப்போது அது சுவரைப் பிடித்து நிற்கிறதாம். அது நின்று, நடந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் முடிந்துதான் அவள் வருவாள் போல.

வெளியே ஆடிக் காற்று தகரக் கூரையை ஒரு ஓரத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்த ஊரில் ஆடி வந்தால் வாயைத் திறந்து பேச முடியாது, மண் போய்விடும், பேசத்தான் யார் இருக்கிறார்கள். நாலு நாள் முன்னால் சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்துபோய் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார். நூல் ஊசிக் காதுக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, உள்ளே மட்டும் போகவில்லை. கண்ணா கையா. எல்லாவற்றிலும் இப்படி இரண்டு திருடர்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டு. கடைசியில் பொத்தான் இல்லாமலேயே போட்டுக்கொண்டார், கேட்பாரில்லை. கேட்பாரில்லை என்பதுதான் பெரிய சுகம் என்று முதல் மாதத்தில் நினைத்தது ஞாபகம் வந்தது. பீடி பிடிக்கலாம், டிவியைச் சத்தமாக வைக்கலாம், குளிக்காமல் சாப்பிடலாம். எல்லாம் செய்து பார்த்தார். ஒரு மாதத்தில் சுகம் தீர்ந்துவிட்டது, பீடிகூடக் கசந்தது. அப்புறம் இந்தச் சென்டர்தான் பேச ஆரம்பித்தது. முதலில் லேசாக ஒரு கிர்ர், பிறகு கரகர, பிறகு கட்டை சுற்றும் நேரமெல்லாம் ஓயாத ஒரு முனகல், தெய்வானை பாத்திரம் விளக்கிக்கொண்டே தனக்குத்தானே பேசுவாளே, யாரையும் குறிப்பாகத் திட்டாமல், ஆனால் நமக்குக் கேட்க வேண்டும் என்று, அது மாதிரி. என்ன புள்ள, என்ன இப்ப, என்று இவரும் ஒருநாள் அதைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கேட்டபிறகு வாசலை எட்டிப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. எதிரே இருந்த மாட்டுத்தீவன குடோன் பூட்டியிருந்தது. சத்தம் வந்தபோதே பேரிங் போயிற்று என்று அவருக்குத் தெரியும், தெரியாமலா. ஆனால் சத்தம் கேட்டதும் கடைசல்காரன் கை தானாக, சென்டரை முன்னே தள்ளும் பின்பக்கச் சக்கரத்துக்குத்தான் போகும். ஒரு திருகு. முனை கட்டையில் இன்னும் ஆழமாகக் குத்தும், ஆட்டம் அடங்கும், அன்றைக்குச் சத்தம் இருக்காது. மறுநாள் இரண்டு மடங்காக வரும், இன்னொரு திருகு. இறுக்க இறுக்க உள்ளே பேரிங் குண்டுகள் நசுங்குகின்றன என்று எத்தனை பேரிடம் இவரே சொல்லியிருக்கிறார், இறுக்காதய்யா, இறுக்குனா இன்னைக்கு அடங்கும், நாளைக்குக் குதிக்கும் என்று. சொன்ன ஆளே தினமும் இறுக்கினார். வாயும் அந்தக் கையைப் போலத்தான். எது லேசாக ஆடினாலும் போய் ஒரு திருகு. அன்றைக்கு வாசலில் நின்று திருகிய திருகில் மாப்பிள்ளை, மகள், பெண்டாட்டி எல்லோரும் ஒரேயடியாக அடங்கிப் போனார்கள்.

ஆனால் சென்டர் கெட்டது என்பதனால் கை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டும் ஒன்றாகக் கெடக்கூடாது என்று யார் சொன்னது? பெரியப்பா ராக்கியப்பன் ஞாபகம் வருவது இந்த இடத்தில்தான், தினமும் இந்த இடத்துக்கு வந்ததும் அவர் வந்துவிடுகிறார், வெற்றிலைச் சாறு வழிகிற வாயோடு. தச்சு வேலையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு நிகர் கிடையாது. ஒருநாள் பலகையில் பென்சிலால் கோடு போட்டார், கோடு நேராக வந்து, கடைசி ஒரு சாண் மட்டும் புழுவாக நெளிந்தது. பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அடுத்த கோடு முழுக்க நெளிந்தது. அதற்கப்புறம் அவருக்கு உப்புத்தாள் வேலை கொடுத்தார்கள், மேசை கதவெல்லாம் தேய்த்து வழவழப்பாக்க. நடுங்குற கைக்கு உப்புத்தாள் நல்லதப்பா, கரண்ட் செலவில்லாம ஓடும் என்று யாரோ சொல்ல, பட்டறை முழுக்கச் சிரித்தது, பெரியப்பாவும் சிரித்தார், நாச்சிமுத்துவும் சிரித்தார். பெரியப்பா சிரித்தது இப்போது காதில் கேட்டது. இவருக்கும் அதே ரத்தம்தானே. நாச்சிமுத்து வலது கையை நீட்டி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். நடுங்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கைதான் நடுங்கும், வாத்தியார் பார்க்கும்போது எந்தப் பையன்தான் காப்பி அடிப்பான். பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சுண்டுவிரல் அசைந்ததா? காற்றுக்குச் சட்டைக் கை அசைந்தது. மனுசனுக்குப் பைத்தியம் பிடிக்க வேறு என்ன வேண்டும். எழுந்தார்.

பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தளர்த்தினார். அது இவ்வளவு தூரம் இறுகியிருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை, முதல் சுற்றுக்கு இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. முழுசாகப் பின்னால் வந்ததும் உள்ளிருந்து டொக் என்று ஒரு தட்டு, பழைய சென்டர் உறையை விட்டுக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருக்குமோ என்று பயந்தார், நேற்றிலிருந்து மெஷினே ஓடவில்லை, சூடு எங்கிருந்து வரும். முனையைச் சுற்றி நீலம் பூத்திருந்தது, இரும்பு வெந்த நீலம். இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் விழப்போகிற பால் பல் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. திருப்பினால் உள்ளே மணல் அரைபட்டது, கவிழ்த்துத் தட்டினால் கருப்பாகப் பொடி கொட்டியது, அதுதான் குண்டுகள், குண்டுகளாக இருந்தவை. பேரிங்கை மட்டும் மாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பேரிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், கடை இன்றைக்குத் திறந்திருக்குமோ என்னவோ, அளவு கிடைக்குமோ என்னவோ, நாளைக்கு, நாளன்னைக்கு. புதுசே பக்கத்தில் இருக்கும்போது இந்த யோசனை எதற்கு வருகிறது என்று அவருக்கே புரிந்தது, வெட்கமாக இருந்தது. பழையதைக் கீழே போட மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் வீட்டில் சத்தம் போட்ட ஒரே ஆள். பிறகு ஜன்னல் திட்டில் வைத்தார், நேராக நிற்கவில்லை, படுக்கவைத்தார்.

துணியை விரலில் சுற்றி உறைக்குள் விட்டுத் துடைத்தார். ஒரு தூசி இருந்தாலும் புதுசு கோணலாக உட்காரும், அப்புறம் சென்டரா கையா என்ற வழக்கில் தூசி என்று மூன்றாவது ஆளும் சேர்ந்துவிடும். எண்ணெய்த்தாளைப் பிரித்தார். புது இரும்பு வாசனை, பிறந்த குழந்தை மாதிரி பிசுபிசுப்பு. சுகந்தி பிறந்தபோது இதே கையால்தான் வாங்கினார், நர்ஸ் கொடுத்ததும் கை எப்படி நடுங்கியது அன்றைக்கு, முப்பது வயதுகூட ஆகவில்லை அப்போது, அன்றைக்கு யாரும் சென்டரா கையா என்று கேட்கவில்லை. பேத்தியை அவர் ஒரு தடவைதான் தூக்கியிருக்கிறார். முனையை விரலால் சுண்டினார், சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. உறையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு, கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. மூலையில் கிடந்த பூவரசங்கட்டை ஒன்றை எடுத்தார், யாருக்கும் உதவாத துண்டு, கெட்டுப்போனால் போகட்டும். இரண்டு முனையிலும் குறுக்குக் கோடு போட்டு மையம் குறித்தார், கோடு நேராகத்தான் வந்தது, சின்னக் கோடு, சின்னக் கோட்டை நம்ப முடியாது. கட்டையை ஏற்றினார். சக்கரத்தைப் பிடித்து அளவாக, இறுக்காமல், முனை மரத்தில் பதிந்தது தெரிந்ததும் நிறுத்தினார். உளிக்குத் தாங்கலை நகர்த்தி வைத்தார். ஸ்விட்சில் விரலை வைத்து, ஒரு கணம் கண்ணை மூடி, பழனியாண்டவா என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். அதற்கப்புறம் வழக்கமாக எதுவும் சொல்வதில்லை, இன்றைக்கு வாய் தானாகச் சொல்லிற்று: கையாவே இருக்கட்டும். சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. விரலை ஸ்விட்சிலிருந்து எடுத்துவிட்டார். இந்தக் கையை வைத்துத்தான் தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், மகளைப் படிக்கவைத்தார், இந்தத் தகரக் கூரையைப் போட்டார். அந்தக் கை வீணாகப் போகட்டும் என்று சாமியிடம் கேட்கிற கடைசல்காரன் உலகத்தில் உண்டா? அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டாரே தவிர, வேண்டியதை வேண்டாம் என்று திருப்பிச் சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இத்தனை நாள் டப்பாவைத் திறக்காமல் இருந்தது கை கெட்டிருக்குமோ என்ற பயத்தினால் இல்லை. நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால்.

போட்டார். கட்டை சுற்றியது. சத்தம் இல்லை. மோட்டாரின் ம்ம் மட்டும். குழி உளியை வைத்து மேல்பட்டையை உருவினார், சக்கை பறந்து முகத்தில் அடித்தது, பூவரசு வாசனை, அது வரைக்கும் எந்தக் கைக்கும் சோதனை இல்லை. உருளையாக வந்ததும் சாய்வு உளியை எடுத்தார். தாங்கலில் வைத்து, பின்தண்டை இடுப்போடு அணைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, வலக்கோடியிலிருந்து இடக்கோடிவரை மெல்ல ஒரே இழுப்பு. சீவல் உடையாமல், ரிப்பன் போல, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு சீவல் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று. நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை, ஓடும்போதே விரல் முதுகால் தொட்டார். வழவழவென்று இருந்தது. நிறுத்திவிட்டுத் தொட்டார். ஒரு வரி இல்லை. சரி, இது தடிமனான கட்டை, இதில் எவனும் இழுப்பான் என்று இன்னும் ஒல்லியாக்கினார். அப்போதும் இல்லை. பென்சில் தடிமனுக்குக் கொண்டுவந்து அதில் மிளகு மிளகாக மணி எடுத்தார், கை ஒரு நூல் தப்பினால் ஒடிந்து பறக்கும், ஒடியடா, ஒடி, என்றார் வாய்விட்டு. ஒடியவில்லை. மணிகள் வரிசையாக ஒன்றுபோல் வந்து நின்றன. உளியை இடக்கைக்கு மாற்றிப் பிடித்துக்கூட ஒரு மணி எடுத்தார், பாழாய்ப்போன இடக்கையும் எடுத்துக் கொடுத்தது. ஸ்விட்சை நிறுத்தினார். கட்டை சுற்றி ஓய்ந்தது. சீவலைத் தோளிலிருந்து தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரியப்பா போய்விட்டார், இனி வரமாட்டார். சந்தோசப்பட வேண்டும், நெஞ்சு என்னவோ கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போயிற்று. இன்னும் பத்து வருசம் ஓடும் இந்தக் கை. பத்து வருசத்துக்கு ஒரு ஆளுக்கு ரசம் வைக்க வேண்டும். காற்றும் நின்றிருந்தது, கூரை அசையவில்லை, பட்டறையில் எதுவுமே பேசவில்லை. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொண்டார், மறுபடியும் வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் துடைக்காமல் விட்டார்.

போன் அடித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அவள் நேரம்தான். எடுத்ததும் அந்தப் பக்கத்து வீடு முழுக்கக் காதுக்குள் வந்து இறங்கியது, குக்கர் விசில், டிவி, மகள் யாரையோ எதையோ தேடச் சொல்வது, தரையில் தட்டை அடித்து அடித்துக் குழந்தை போடும் சத்தம்.

"ஏனுங்க, போட்டுப் பாத்தீங்ளா?"

"பாத்தேன்."

"என்னங்க ஆச்சு? சென்டருங்களா?"

எதிரே மெஷினில் அந்தப் பூவரசங்கட்டை மணி மணியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது என்று தோன்ற, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல புள்ள. கைதான்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. ஐயோ என்பாள், ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்பாள், என்ன சொல்வது என்று இவர் அவசரமாக யோசித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

"எந்தக் கைங்க?"

அதை யோசிக்கவில்லை. ஒன்று போனைப் பிடித்திருந்தது, இன்னொன்று கதவு நிலையைப் பிடித்திருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுந்தான்" என்றார்.

"ரெண்டுமா" என்றாள் அவள், மெதுவாக. அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு போனைக் கையால் மூடாமலேயே திரும்பி, வீட்டுக்கே கேட்கிற மாதிரி, "கண்ணு, அப்பா வர்றாரு! நாளைக்கு அப்பா வர்றாரு!" என்றாள். கையைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் அங்கிருந்து என்னவோ கத்தினாள். அவள் மறுபடியும் போனுக்கு வந்தபோது குரல் மாறியிருந்தது, கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

"காலைல மொத பஸ்ஸப் புடிச்சிருங்க. இங்க குளுரு, போர்வ எடுத்துக்குங்க. கேஸ மூடீட்டு வாங்க. அப்பறம்..." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தச் சின்ன உளியெல்லாம் எடுத்துட்டு வந்துருங்க. புள்ள நிக்குதல்லொ, அதுக்கு ஒரு நடவண்டி பண்ணோணும்."

நாச்சிமுத்து திரும்பி, மெஷினில் நின்ற மணிகளைப் பார்த்தார்.

"சரி புள்ள" என்றார்.